பார்வையாளர் இல்லாத நாடக வகுப்பு

தமிழ்நாட்டின் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொரு நாளும் ஒரு நாடகத்தின் வரிகளோடுதான் விழிக்கின்றன. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து, பெ. சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் பாயிரத்தில் உள்ளது. 1970-ல் அது அரசு விழாக்களுக்கு உரிய வாழ்த்துப் பாடலானது. 2021-ல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாடி முடித்து வகுப்புக்குள் போகும் மாணவருக்கு அதன்பின் நாடகம் இரண்டே வழிகளில் வந்து சேருகிறது. ஒன்று, தமிழ்ப் பாடநூலில் பொருள் எழுதவும் இலக்கணக்குறிப்புச் சொல்லவும் தரப்படும் செய்யுட்பகுதி. மற்றொன்று ஆண்டுவிழா மேடை. இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வெற்றிடம் ஒன்று இருக்கிறது. வகுப்பறைக்குள், பாடவேளையில், பார்க்க யாரும் இல்லாமல், எல்லா மாணவரும் சேர்ந்து செய்யும் நாடகம் அங்கே இருந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நாடகம் கற்பிப்பது என்றால் முதலில் இதைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. மேடை அதற்குப் பிறகு வரட்டும்; வரவும் வேண்டும்.

ஆண்டுவிழா நாடகம் எப்படி உருவாகிறது என்பதைப் பள்ளியில் படித்த எவரும் அறிவர். விழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது தமிழாசிரியர் தலையில் பொறுப்பு விழும். பேச்சுப் போட்டியில் ஏற்கெனவே பரிசு வாங்கிய ஏழெட்டுப் பேர் தேர்வாவார்கள். வசனத் தாள் கைக்கு வரும். விளையாட்டுப் பாடவேளையில் ஒத்திகை. மீதி நாற்பது பேருக்குக் கைதட்டும் வேலை. வசனம் பெரும்பாலும் திரையிலிருந்து இறங்கி வந்ததாக இருக்கும்: ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சி, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் ஜாக்சன் துரையோடு நடக்கும் வாக்குவாதம். அந்த வசனங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூச்சை எங்கே நிறுத்துவது, வல்லினத்தை எங்கே அழுத்துவது என்பதை இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அவற்றிலிருந்துதான் கற்றார்கள். ஆனால் அங்கே பிள்ளை பேசுவது சிவாஜி கணேசனின் குரல். தன் குரல் எது என்று தேடிப் பார்க்க அதில் இடமில்லை.

இதைவிட வருத்தம் தருவது யாருக்கு எந்த வேடம் என்பது. உயரமாக, சிவந்த நிறமாக இருக்கும் பையன் அரசன். கறுத்தவன் அரக்கன், அல்லது ஈட்டி பிடித்து நிற்கும் காவலாளி. நன்றாகப் படிக்கும் பெண் பாரதமாதா. வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் மேடு பள்ளத்துக்குப் பட்டுத்துணி போர்த்தி மேடையில் நிறுத்துகிறோம். பதினான்கு வயதில் தன்னைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும் ஒரு பிள்ளைக்கு, ஊரே கூடியிருக்கும் இடத்தில் அந்த வேடம் என்ன சொல்லித்தரும் என்று நாம் யோசிப்பதே இல்லை.

பிள்ளைகளை வைத்து நாடகம் நடத்துவதில் தமிழுக்கு நீண்ட அனுபவம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், பின்னாளில் நாடகக் கலைஞர்களாகப் பெயர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அதுபோன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பாட்டு, வசனம், உச்சரிப்பு எல்லாமே வாத்தியார் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்து பழகுபவை. கட்டுப்பாடு கடுமையானது, அடியும் உண்டு. தமிழ் நாடக மேடையும் தொடக்ககாலத் திரையும் பெற்ற பெரிய நடிகர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். ஆனாலும் அந்த முறைக்கு ஒரு கொடிய எல்லை இருந்தது. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை ராஜபார்ட்டோ (அரசன் வேடம்) ஸ்திரீபார்ட்டோ (பெண் வேடம்) போட்டவன் இன்று வேலை இல்லாதவன் ஆகிவிடுவான். குரல்தான் அவனுடைய முதல். அந்த முதல் போனதும் கம்பெனிக்கு அவன் பாரம்.

கம்பெனிகள் போய்விட்டன. மகரக்கட்டு போகவில்லை. எட்டாம் வகுப்புவரை பாடத்தை உரக்க வாசித்த பையன் ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று மென்று விழுங்குவதை ஆசிரியர்கள் தினமும் பார்க்கிறார்கள். பெண்பிள்ளைகளின் நிலை வேறு. பெரியவளான பிறகு மேடை ஏற வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுவது இன்றும் நம் ஊர்களில் சகஜம். ஏழாம் வகுப்புவரை எல்லாப் போட்டியிலும் முன்னால் நின்றவள், பிறகு ஒப்பனை செய்துவிடும் வேலைக்கு மட்டும் வருவாள். ஆகவே நாடகத்தை மேடையோடு கட்டிவைத்திருக்கும் வரை, அது அதிகம் தேவைப்படும் வயதிலேயே பாதிப் பேருக்குக் கைநழுவிப் போகிறது. வகுப்பறை நாடகத்துக்குப் பார்வையாளர் கிடையாது. உடைந்த குரல் அங்கே குறையாகாது. வீட்டாரின் தடையும் அங்கே எட்டாது. அது தமிழ் வகுப்பு, வரலாற்று வகுப்பு, அவ்வளவுதான்.

பார்வையாளர் இல்லாத நாடகத்தை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்த நாடு இங்கிலாந்து. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சசெக்ஸ் கிராமப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை ஹேரியட் ஃபின்லே-ஜான்சன் வரலாறு, புவியியல் என எல்லாப் பாடத்தையும் பிள்ளைகள் தாமே உருவாக்கும் நாடகங்கள் வழியே நடத்திக்கொண்டிருந்தார். பீட்டர் ஸ்லேடின் ‘சைல்ட் டிராமா’ 1954-ல் வந்தது. பிள்ளையின் நாடகம் பெரியவர்களின் நாடகத்துக்கான ஒத்திகை இல்லை, அது தனிக் கலை என்று அந்நூல் வாதிட்டது. பிரையன் வே 1967-ல் அதை உயர்நிலை வகுப்புகளுக்கும் ஏற்ற பயிற்சிகளாக விரித்தார். இவர்களை விரைந்து கடந்துவிடலாம். நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டியவர் டாரதி ஹீத்கோட்.

யார்க்ஷயரில் 1926-ல் பிறந்த ஹீத்கோட் பதினான்கு வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி ஆலையில் தறி ஓட்டப் போனவர். நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தபோது ஆலை முதலாளியே படிப்புச் செலவை ஏற்றார். சரிவராவிட்டால் திரும்பி வா, உன் மூன்று தறிகளும் காத்திருக்கும் என்று சொல்லி அனுப்பினாராம். அவரைப் பற்றி பிபிசி 1970-களின் தொடக்கத்தில் எடுத்த ஆவணப்படத்துக்கு அந்தத் தறிகளின் பெயரையே வைத்தார்கள். ஹீத்கோட் திரும்பிப் போகவில்லை. 1950-ல், ஆசிரியப் பயிற்சிச் சான்று எதுவும் இல்லாமலே, அன்று டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருந்த நியூகாசிலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் அமர்ந்தார். 1986-ல் ஓய்வு பெறும்வரை சாதாரணப் பள்ளிகளிலும், குற்றம் செய்த சிறுவர்களை வைத்திருந்த பள்ளிகளிலும், மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களிலும் வகுப்பெடுத்தார்.

அவருடைய வகுப்பில் வசனத் தாள் இருக்காது. எதைப் பற்றி நாடகம் செய்யலாம் என்று பிள்ளைகளிடமே கேட்பார். அவர்கள் கப்பல் என்றால் கப்பல், சிறை என்றால் சிறை. பிறகு அவரே ஒரு பாத்திரமாக உள்ளே நுழைந்துவிடுவார். பெரும்பாலும் அது உச்சியில் இருக்கும் பாத்திரமாக இராது. மேலிடத்து உத்தரவைக் கொண்டுவரும் தூதர், உதவி கேட்டு வரும் ஒருவர், தனக்கே முழு விவரம் தெரியாத அதிகாரி என்று நடுவில் மாட்டிக்கொண்டவராக இருப்பார். அந்த இடத்தில் நின்றால்தான் முடிவெடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் தள்ள முடியும். ஆசிரியர் பாத்திரமேற்றல் எனப்படும் இந்த உத்தி, நடிப்புத் திறனைக் காட்டுவதற்காகப் பிறந்ததில்லை. ஆசிரியர் கேள்வி கேட்டால் பிள்ளை சரியான விடையைத் தேடும். வழி தெரியாமல் நிற்கும் ஒருவர் கேட்டால் பிள்ளை யோசிக்கும்.

நம் மண்ணில் இது எப்படி நடக்கும் என்று ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்போம். மேட்டூர் அணை. வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. காவிரிக்கரை ஊர்கள் பல நீருக்கடியில் போயின. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறித்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். ஒவ்வொரு முறையும் நாளிதழ்களில் படம் வரும். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் அந்தப் படத்தைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: இந்த நந்தியை ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

பிள்ளைகள் ஐந்தைந்து பேராகப் பிரிந்து குடும்பங்கள் ஆகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் மூன்று விஷயம் முடிவு செய்ய வேண்டும்: என்ன தொழில், வீட்டில் யார் மூத்தவர், எதை விட்டுவிட்டு வர மனம் ஒப்பாது. மூன்றாவது கேள்விக்குத்தான் நேரம் பிடிக்கும். முதலில் நகை, பணம் என்று சொல்வார்கள். ஆசிரியர் அவசரப்படக் கூடாது. கொஞ்சம் பொறுத்தால் கிணறு வரும், களத்துமேட்டுப் புளியமரம் வரும், தாத்தாவைப் புதைத்த இடம் வரும். நிலமே இல்லாத கூலிக் குடும்பம் ஒன்றும் இருக்க வேண்டும். நட்டஈடு என்ற பேச்சே அவர்களுக்கு எப்படிப் பொருந்தாமல் போகிறது என்பதை வகுப்பு தானாகக் கண்டுகொள்ளும்.

பிறகு ஆசிரியர் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்கிறார். இப்போது அவர் ஊர்க் கணக்குப்பிள்ளை. சர்க்கார் உத்தரவைப் படித்துக் காட்ட வந்திருக்கிறார். இன்ன தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், கல்லும் மரமும் எடுத்துக்கொள்ளலாம், கோயிலைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

“சாமியத் தூக்கிட்டு வந்துடலாங்க, கோயில எப்படித் தூக்கறது?” என்று ஒரு குரல் கேட்கும்.

“துரைகிட்ட எழுதிக் கேக்கறேன். என்னன்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க,” என்று கணக்குப்பிள்ளை பேனாவை எடுப்பார். வகுப்பே சேர்ந்து மனு எழுதத் தொடங்கும். விண்ணப்பக் கடிதம் எழுதுவது எப்படி என்ற தமிழ்ப் பாடம் அங்கே உயிரோடு நடக்கிறது.

எங்கோ ஒரு பிள்ளை கேட்கும்: “உங்க வீடும் முங்குதுங்களா?”

இந்த இடத்தில் ஆசிரியர் துண்டை எடுத்துவிட வேண்டும். நாடகம் நிற்கிறது. துண்டு இல்லாதபோது அவர் ஆசிரியர். “கணக்குப்பிள்ளை இதுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? உண்மையச் சொல்லியிருப்பாரா?” என்று கேட்கிறார். ஹீத்கோட் இப்படித்தான் நாடகத்தை வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி நடத்துவார். அனுபவம் ஓடிக்கொண்டே இருந்தால் அது கேளிக்கையாகக் கரைந்துவிடும். நிறுத்தி, செய்ததைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் படிப்பாகிறது. ஊரைக் காலி செய்யும் நாளை ஒவ்வொரு குடும்பமும் அசையாமல் நிற்கும் ஒரு சிலைக் காட்சியாக அமைக்கலாம். ஆசிரியர் ஒருவர் தோளைத் தொட்டால் அவர் மனதில் ஓடும் ஒரு வரியை மட்டும் சொல்ல வேண்டும்.

அடுத்த பாடவேளையில் வகுப்பில் பாதிப் பேர் தஞ்சாவூர் விவசாயிகள். ஒரு வருடம் வெள்ளம், மறு வருடம் வறட்சி என்று தலைமுறையாக அல்லாடியவர்கள். இந்த அணைக்காகவே காத்திருந்தவர்கள். நேற்றுவரை பண்ணவாடிக்காரராக இருந்தவர் இன்று எதிர்ப்பக்கம் நின்று பேச வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதைப் பாடநூல் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடும். சொல்லிவிட்டால் அது விடைத்தாளுக்குப் போய்ச் சேரும். இங்கே ஒரு பிள்ளை அந்த இரண்டு நியாயத்தையும் தன் வாயால் வாதாடிவிட்டு வீட்டுக்குப் போகிறது. விளையாட்டின்போது குழந்தை தன் வயதை மீறி, தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-ல் ஓர் உரையில் சொன்னார். அவர் பேசியது சிறு குழந்தைகளைப் பற்றி. பதினைந்து வயதிலும் அது உண்மையாகக்கூடும். விளையாட்டு அந்த வயதுக்குரிய கனத்தோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த முறைக்கு இங்கிலாந்திலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. டேவிட் ஹார்ன்புரூக் 1989-ல் எழுதிய நூல் அந்த எதிர்ப்பின் கூர்மையான வடிவம். நாடக வகுப்பிலிருந்து நாடகக் கலையையே துரத்திவிட்டீர்கள் என்றார் அவர். பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பாத்திரமேற்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறார்கள். ஆனால் ஒரு நாடக ஆசிரியரை வாசித்ததில்லை, ஒரு நல்ல நடிப்பை எடைபோடத் தெரியாது, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசத் தெரியாது. ஓவிய வகுப்பில் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுக்காமல், வரைந்தபோது மனம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்பீர்களா என்ற வகையில் போனது அவர் வாதம். அதற்கு முந்தைய ஆண்டு, 1988-ல், இங்கிலாந்து கொண்டுவந்த தேசியப் பாடத்திட்டத்தில் நாடகம் தனிப் பாடமாக இடம்பெறாமல் ஆங்கிலப் பாடத்துக்குள் அடங்கிப்போனது. தனக்கென்று கற்பிக்க வேண்டிய பொருள் எது என்று தெளிவாகச் சொல்ல முடியாத பாடத்தை, பாடத்திட்டம் வகுப்போர் எளிதில் ஒதுக்கிவிடுகிறார்கள் என்று ஹார்ன்புரூக் கண்டதில் உண்மை இருக்கிறது.

ஆனால் நாடகக் கலையை வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்ற அவருடைய மருந்தை நம் பள்ளிகளுக்கு அப்படியே தர முடியாது. அங்கே சிக்கல் மேடையை மறந்தது. இங்கே மேடையைத் தவிர வேறெதுவும் இல்லை. இரண்டையும் வரிசைப்படுத்துவதில்தான் தீர்வு இருக்கிறது என்று நினைக்கிறேன். மேட்டூர் வகுப்பில் நான்கைந்து பாடவேளை வாழ்ந்த பிள்ளைகளிடம், இதை உங்கள் ஊரார் முன் இருபது நிமிடத்தில் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். உடனே கைத்திறன் பற்றிய கேள்விகள் தாமாக எழும். எல்லாக் குடும்பத்தையும் காட்ட முடியாது, எதை வெட்டுவது? நீர் ஏறுவதை மேடையில் எப்படிக் காட்டுவது? கணக்குப்பிள்ளை தயங்குவது பின்வரிசைக்குத் தெரிய வேண்டுமானால் அவர் எங்கே நிற்க வேண்டும்? இப்படிக் கேட்கும் பிள்ளைக்குக் குரல் பயிற்சியும் மேடை நகர்வும் காட்சி அமைப்பும் தேவையாகிவிடுகின்றன. வசனத் தாளில் தொடங்கும் பிள்ளைக்கு அவை வெறும் கட்டளைகள்.

மேடையையும் வகுப்பையும் ஒரே கையில் பிடித்துக் காட்டிய தமிழ் அனுபவம் ஒன்று உண்டு. அது ஈழத்தில் நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களிடம் கொண்டுவந்து, விடிய விடிய ஆடப்பட்டதைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி மேடையேற்றினார். 1964-ல் ‘இராவணேசன்’ ஆடப்பட்டபோது இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் அரங்கியல் பேராசிரியரானார். ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற சிறுவர் நாடகங்களையும் எழுதினார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-ல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் பள்ளி ஆசிரியர். அதே ஆண்டில் எழுதிய ‘கூடி விளையாடு பாப்பா’ அவருடைய சிறுவர் நாடகங்களில் முன்னோடி. அந்தக் கல்லூரியைச் சுற்றி உருவானவர்கள் மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி, அரங்க விளையாட்டுக்கள், புத்தாக்கம் என்று ஒரு பயிற்சிமுறையைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். 1985-ல் க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் வந்த ‘மண் சுமந்த மேனியர்’ சண்முகலிங்கத்தின் எழுத்து. போர் மனங்களில் ஏற்படுத்திய காயங்களைப் பேசிய ‘அன்னை இட்ட தீ’யும் அவருடையதே. சண்முகலிங்கம் 2025 ஜனவரியில் மறைந்தார். நாடகத்தைப் பாடமாக்கும் முயற்சிக்கு அவர் கொடுத்த உழைப்பு தமிழ்நாட்டில் இன்னும் அறியப்படவில்லை.

இலங்கைப் பள்ளிகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ இன்று சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றுக்கு இணையாகத் தேர்ந்தெடுத்துப் படிக்கக்கூடிய பாடம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பொதுப் பரீட்சையில் அதற்கு வினாத்தாள் உண்டு. பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து படிக்கலாம். படித்தவர் ஆசிரியராகத் திரும்பி வரலாம். தமிழ்நாட்டில் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிகூடப் பள்ளிக்குள் இல்லை. ஆனால் பரீட்சைப் பாடமானதற்கு ஒரு விலையும் இருக்கிறது. எழுத்துத் தேர்வு என்று வந்துவிட்டால் அரங்க வரலாறு குறிப்பேட்டில் மனப்பாடமாகும். அரங்க விளையாட்டின் பயன்கள் யாவை என்ற வினாவுக்கு, விளையாடாமலேயே விடை எழுதிவிடலாம். அப்படி ஆகிவிடாமல் காப்பது ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. பாடமாக இருந்து கெடும் அபாயமும், பாடமாகவே இல்லாமல் போகும் நிலையும் ஒன்றாகிவிடாது. முதலாவதைத் திருத்தலாம்.

நாடகம் படிப்புக்கு உதவும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று தலைமையாசிரியர் கேட்பார்; கேட்க வேண்டும். இந்த வயதினரை மட்டுமே எடுத்துக்கொண்ட பெரிய ஆய்வு ஒன்று 2010-ல் ஐரோப்பாவில் வெளியானது. டைஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வில் 12 நாடுகளைச் சேர்ந்த 13 முதல் 16 வயதுள்ள 4,475 மாணவர்கள் பங்கேற்றனர். கல்விசார் நாடகச் செயல்பாடுகளில் ஈடுபட்டவர்களை ஈடுபடாதவர்களோடு ஒப்பிட்டார்கள். வாசிப்பிலும் பேச்சிலும் தன்னம்பிக்கை, சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல், மன அழுத்தத்தைத் தாங்குவது, சிறுபான்மையினரிடம் சகிப்பு ஆகியவற்றில் நாடகம் பயின்றவர்கள் மேலே இருந்தார்கள். இந்த முடிவை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். ஆனால் அளந்தவற்றில் கணிசமானவை மாணவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்னவை. நாடகத்தை நடத்த முன்வரும் பள்ளியும் ஆசிரியரும் வேறு பலவற்றிலும் சற்று நன்றாகவே இருக்கக்கூடும். எனவே கணக்கு மதிப்பெண் கூடும் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுத்து நாடகத்தைப் பள்ளிக்குள் கொண்டுவருவது நேர்மையாகாது. பேசவும், கேட்கவும், பிறர் நிலையில் நின்று யோசிக்கவும் நாடகம் பயிற்சி தருகிறது. அதுவே போதுமான காரணம்.

எச்சரிக்கை தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் இது சிறிய விஷயமில்லை. சாதிக் கொடுமையைப் பற்றி நாடகம் செய்யலாம் என்று நல்லெண்ணத்தோடு ஓர் ஆசிரியர் தொடங்குவார். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை ஒன்று அதே வகுப்பில், அந்தக் கொடுமையைத் தன் தெருவில் அனுபவிப்பதாக இருக்கும். அந்தப் பிள்ளையை அதே பாத்திரத்தில் நிறுத்தினால் நாடகம் காயமாகிவிடும். பிரேசில் நாட்டு அகஸ்டோ போவாலின் ஃபோரம் தியேட்டர், ஒடுக்கப்பட்டவரே மேடையேறி நிலைமையை மாற்றிப் பார்க்க வழி செய்தது. ஆனால் அதில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தாமே விரும்பி வந்த பெரியவர்கள். வகுப்பறையில் பிள்ளைக்கு எழுந்து வெளியே போகும் உரிமை இல்லை. அதனால் சற்றுத் தள்ளிய காலமும் இடமும் வேண்டும். மேட்டூர் அணையில் மூழ்கிய ஊர் கிட்டத்தட்ட நூறாண்டு தள்ளி இருப்பதால்தான் பிள்ளைகள் இன்றைய நிலம், இன்றைய சாதி, இன்றைய அதிகாரி பற்றி அதில் தயங்காமல் பேச முடிகிறது. பாத்திரம் ஒரு மறைப்பாக நின்று காக்கிறது. வகுப்பு முடியும்போது அதைக் கழற்றுவதும் முக்கியம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தம் சொந்தப் பெயரைச் சொல்லி, “நான் கணக்குப்பிள்ளை இல்லை, நான் ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு,” என்ற அளவில் முடித்தால்கூடப் போதும். மணி அடித்தவுடன் அப்படியே கணக்கு வகுப்புக்கு அனுப்பிவிடக் கூடாது.

ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்பது நியாயமான கேள்வி. நடக்கும், ஆனால் பெஞ்சுகளை ஒதுக்க வேண்டும், அல்லது வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பாதிப் பேர் செய்ய, பாதிப் பேர் குறிப்பெடுக்க, பிறகு மாற்றிக்கொள்ளலாம். 45 நிமிடத்தில் ஒரு முழு நாடகத்தை நடத்தி முடிக்கப் பார்ப்பதுதான் தொடக்கக்கால ஆசிரியர்கள் இடறும் இடம். ஒரு கேள்வி, ஒரு சந்திப்பு, ஒரு நிறுத்தம். ஒரு பாடவேளைக்கு அது தாராளம்.

மதிப்பீடு செய்யும் ஆசிரியர் நடிப்புக்கு மதிப்பெண் போட வேண்டாம் என்பேன். மனுவில் யார் எந்த வாதத்தைச் சேர்த்தார், எதிர்ப்பக்கம் நின்றபோது முன்பு சொன்னதை எப்படி மாற்றினார், பிறர் பேசும்போது கேட்டு அதன்மேல் கட்டினாரா என்று பார்க்கலாம். வகுப்பு முடிந்தபின் பாத்திரத்தின் குரலில் எழுதும் ஒரு பக்கக் கடிதம் இன்னும் தெளிவாகக் காட்டும். வாயே திறக்காமல் சிலைக் காட்சியில் ஓரமாக நின்ற பிள்ளை, கடிதத்தில் எல்லோரையும் விட ஆழமாகப் போவது இந்த வகுப்புகளில் அரிதான காரியமில்லை.

தேசியக் கலைத்திட்ட வரைவு 2005, நாடகம் உட்படக் கலைக்கல்வி பத்தாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைக்கும் உரியது என்று சொன்னது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை கலையோடு இணைந்த கற்றலைப் பற்றிப் பேசுகிறது. தமிழ்நாடு அரசு 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடத்தும் கலைத் திருவிழாவில் நாடகமும் போட்டிப் பிரிவு. அதற்கு முன் மேடை என்பதையே கண்டிராத பிள்ளைகள் அதன்வழி மாவட்டம் தாண்டி வந்திருக்கிறார்கள். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் போட்டி என்றால் மறுபடியும் அந்த ஏழெட்டுப் பேர்தான். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகியவற்றுக்குச் சிறப்பாசிரியர் பணியிடம் இருக்கிறது. நாடகத்துக்கு இல்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அங்கிருந்து வந்த வேலு சரவணன் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு நாடகம் போட்டிருக்கிறார்கள். நாடகம் படித்த இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடம் மட்டும் கதவு திறக்கவில்லை.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் நாடக ஆசிரியரை நியமிக்க முடியாது என்பது தெரிந்ததே. தொடங்க ஒரு வழி இருக்கிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒவ்வொன்றிலும் அரங்கியல் படித்த ஒருவரை அமர்த்தி, தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஆசிரியர் பாத்திரமேற்றல், சிலைக் காட்சி, பாத்திரக் கடிதம் ஆகிய மூன்றை மட்டும் பழக்கலாம். பயிற்சி கூடத்தில் விரிவுரையாக இல்லாமல், அருகிலுள்ள பள்ளியின் ஒன்பதாம் வகுப்பிலேயே, உண்மையான பிள்ளைகளோடு நடக்க வேண்டும். ஹீத்கோட் முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியர்களை அப்படித்தான் பழக்கினார்: அவர்கள் சுற்றி நின்று பார்க்க, அவர் பிள்ளைகள் நடுவில் நின்று வகுப்பெடுத்தார்.